கூட்டக் குறிப்பில் சேராதவை

சாட்ஸ்வொர்த், சமூகக்கூடம், செவ்வாய் மாலை.
வந்தவர்கள் பதினொருவர். வராதது மின்சாரம்.
மெழுகுவர்த்தியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்,
குறிப்பெழுதுபவள் நான் என்பதால்.

ஓடையில் மிதப்பது என்னவென்று
முதல் அரைமணி யாரும் சொல்லவில்லை.
திடக்கழிவு என்றார் மாநகராட்சிப் படையாச்சி.
அந்தச் சமாச்சாரம் என்றார் கோயில் பொருளாளர்.
மேட்டுக் குடிசைகளிலிருந்து வந்த ஹ்லெங்கிவேதான்
பெயர் சொன்னாள்: நாப்பி.
எங்கள் குழந்தைகளுடையது.

ஏற்கெனவே முயன்றவை கொஞ்சமல்ல.
ஐயாயிரம் ராண்ட் அபராதம் என்றொரு பலகை;
அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே
யாரோ துணி உலர்த்துகிறார்கள்.
பைக்கு ஐந்து ராண்ட் என்றபோது
மூன்று வாரம் ஓடை தெளிந்தது.
நான்காம் வாரம் பணம் நின்றது.
அதற்கு முன் சும்மாவே தொட்டியில் போட்டு வந்த
இரண்டு மூன்று பேரும் நின்றார்கள்.
விலை ஒட்டிய இடத்தில்
வெட்கம் மறுபடி ஒட்டுவதில்லை.
(இதை எழுதினேன். தலைவர் அடித்துவிட்டார்.)

பல்கலைக்கழகத்து ப்ரெண்டன் வடிவேலு
காலால் அளந்து வந்திருந்தான்:
தொட்டிக்கு நானூற்றுப் பத்து அடி, மேடேறி.
ஓடைக்கு முப்பத்தாறு, இறக்கம்.
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என நடப்பவள்
எந்தப் பக்கம் சரிவாள்?

அப்படியானால் தொட்டியைக் கீழே இறக்கிவிடலாம் என்று
கோப்பை மூடினார் படையாச்சி.

ஹ்லெங்கிவே இல்லையென்று தலையசைத்தாள்.
தொட்டியில் போட்டால் கொளுத்துகிறீர்கள்.
குழந்தையிடமிருந்து வந்தது வெந்தால்
குழந்தையின் தோல் கொப்பளிக்கும்.
தண்ணீரில் விட்டால் குளிரும்.
அதனால்தான்.

சிரிப்பு.
எங்கள் பக்கத்து நாற்காலிகளில்தான் அதிகம்.
பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
நானும், கொஞ்சம்.

பிறகு பேனா நின்றது.
முந்தாநாள் இரவு
காய்ச்சலில் கிடந்த மகளை மூன்று சுற்றுச் சுற்றி
உப்பும் மிளகாயும் தணலில் போட்டவள் நான்.
நெடி வரவில்லை, கண்ணேறுதான், கழிந்தது என்று
நிம்மதியாய்த் தூங்கியவள்.
ஈஸ்டர் விடுமுறையில் தீ மிதிக்க
பொருளாளர் பத்து நாள் விரதம் இருக்கிறார்.
எரிகிறபோது அது யாருடையதென்று
நெருப்புக்குத் தெரியும் என நம்புவது
எங்களுக்கு மட்டும் எழுதிவைத்த உரிமையா?

குறிப்பெழுதுபவள் பேசக்கூடாது.
பேசினேன்.

மெழுகு பாதிக்கு வந்திருந்தது.
சாவி கொடுக்க வந்து கதவோரம் நின்ற
குப்பை லாரி ஓட்டுநர் துலானி
தொண்டையைச் செருமினார்.
நான் அள்ளுவதை எரிப்பதில்லை,
குழியில் புதைக்கிறார்கள்.
இத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை.

பின் கொளுத்துவது யார்?

பொருளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
லாரி பிந்தினால் நாற்றம் தாங்காது, அம்மா.
ஞாயிற்றுக்கிழமைகளில்
நாங்கள்தான்.

அதற்குப் பிறகுதான் அது கூட்டமானது.
தண்ணீர்க் குழாயடியில் தொட்டி,
எப்படியும் தினம் வருகிற இடம்.
மூடிக்கு நீலம், பெண்கள் பூசுவார்கள்.
கடைக்கார அப்திரஷீத்
நாப்பிக் கட்டு ஒவ்வொன்றோடும்
கேட்காமலே பைகள் வைப்பார்;
வேண்டாம் என்றால்தான் எடுப்பார்.
ப்ரெண்டன் அதற்கு ஒரு பெயர் சொன்னான்.
எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.
தொட்டி மேல் துலானியின் தொலைபேசி எண்.
தீக்குச்சி, யாரும், எக்காரணம் கொண்டும்.

ஆறு வாரம் எண்ணினோம்.
நூற்று நாற்பது, தொண்ணூறு, முப்பத்தொன்று,
மழைக்குப் பின் அறுபது, பிறகு பன்னிரண்டு, ஒன்பது.
ஒன்பது போடுவது யாரென்று தெரியும்.
அவளுக்குப் பதினாறு வயது;
பகலில் குழாயடிக்கு வரமாட்டாள்.
அவளுக்கு என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.

ஏழாம் வாரம் வேலைநிறுத்தம். லாரி இல்லை.
ஞாயிறு காலை, நிரம்பி வழிகிற நீல மூடியருகே
பொருளாளர் நிற்பதைச் சன்னலில் பார்த்தேன்.
சட்டைப்பைக்குள் கை.

வெளியே வந்தது தொலைபேசி.
மூடியைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார்,
காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

அவருக்கு முன்பே
வேறு யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள்.